நெருப்புக் குறூப்பில் மூன்று பேர்

கிழக்கிலங்கை மருதமுனையில் ஆதம்பாவா குடியிருக்கும் குறுகிய ஒழுங்கை கடற்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் திரும்பும். ஒரு காலத்தில் யாரோ வளவைப் பிரித்தபோது, மகள்மாருக்குச் சரிசமமாக வர வேண்டும் என்று வேலியை இப்படியும் அப்படியும் நகர்த்தியதால் வந்த திருப்பங்கள் அவை. லொறி உள்ளே வராது. ஆட்டோ வந்தால், எதிரே வரும் ஆட்டோ பின்னுக்குப் போக வேண்டும். இறந்தவரின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்கூடத் திருப்பத்தில் ஒரு தரம் நின்று, சந்தூக்குப் பெட்டியைச் சரித்துத்தான் கொண்டுபோவார்கள். இந்த ஒழுங்கைக்குள் நூற்றுப்பத்துக் குடும்பம் இருக்கிறது. நெருப்புப் பிடித்தால் அந்த நூற்றுப்பத்துக் குடும்பத்துக்கும் ஆதம்பாவாதான் ஆள் என்று பத்தொன்பது வருஷமாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

ஆதம்பாவாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. கல்முனை பஸாரில் சின்னதாக ஒரு கடை. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் வோட்டர் பம் திருத்துவது தொழில். ஆள் கட்டை, குரல் நெட்டை. சாய்ந்தமருதில் பிறந்து, மருதமுனையில் பெண் எடுத்து, மருதமுனைக்காரர் ஆனவர். இங்கெல்லாம் அப்படித்தான். கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை, ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுக்கு. அவளுடைய உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் படுக்க ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியுமாக ஒதுங்கிக்கொள்வார்கள். முன்வீட்டில் இருப்பவர் மாப்பிள்ளை. அவருக்குத் தலை நரைத்து, அவருடைய மகளுக்கே மாப்பிள்ளை தேடும் காலம் வரும்வரைக்கும் ஒழுங்கை அவரை மாப்பிள்ளை என்றே சொல்லும்.

சுனாமி வந்துபோன மறுவருஷம் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வரிசையாக ஊருக்குள் வந்தன. கடலுக்கே போகாதவனுக்கு வள்ளம் கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் கம்பளி கொடுத்தார்கள். அந்த அமளிக்குள் யாரோ ஒரு நல்ல மனிதர் தீயணைக்கும் பம் ஒன்றும், கன்வஸ் குழாய்களும், இருபத்துநான்கு மஞ்சள் தொப்பிகளும் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு அதை வைத்து என்ன செய்வதென்று விளங்கவில்லை. பம் என்றால் ஆதம்பாவாதானே, கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு கிழமைக்குள் இருபத்துநான்கு தொப்பிக்கும் தலை கிடைத்துவிட்டது. அப்போது ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு ஒருவரையாவது கடல் கொண்டுபோயிருந்த காலம் அது. எதையாவது தூக்க வேண்டும், யாரையாவது காப்பாற்ற வேண்டும் என்று வாலிபர்களுக்குக் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது. ‘தீயணைப்புத் தொண்டர் குழு’ என்று பலகையில் எழுதினார்கள். அவ்வளவு நீளமாகச் சொல்ல ஒழுங்கைக்குப் பொறுமை இல்லை. நெருப்புக் குறூப் என்றது.

நெருப்புக்கு மருதமுனையில் குறைவில்லை. வீட்டுக்கு வீடு தறி, தறி உள்ள வீட்டில் நூல், நூல் உள்ள வீட்டில் சாயம் காய்ச்சும் அடுப்பு. நகரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வரும், ஆனால் ஒழுங்கை முகப்போடு நின்றுவிடும். ஆகவே ஆதம்பாவா தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். ஒழுங்கை முகப்பில் இருக்கும் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்வதற்குப் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு, ஹவுளு என்பார்கள். பம்மின் உறிஞ்சு குழாயை அதற்குள் இறக்குவது. மறு குழாயை ஒழுங்கை நெடுக இழுத்துக்கொண்டு ஓடுவது. முனையைப் பிடிக்க இரண்டு பேர். மூன்று திருப்பத்திலும் மூன்று பேர் கட்டாயம் நிற்க வேண்டும். கன்வஸ் குழாய் மூலையில் மடிந்தால் தண்ணீர் நின்றுவிடும், அதை மடியவிடாமல் தூக்கிப் பிடிப்பது அவர்கள் வேலை. முனையில் நிற்பவனுக்குப் பம்மில் நிற்பவன் கண்ணில் படமாட்டான். “தண்ணி விடு” என்று முனையிலிருந்து வரும் சத்தத்தைத் திருப்பத்துக்குத் திருப்பம் கடத்துவதும் அவர்கள்தான். பார்வைக்கு ஒன்றுமில்லாத வேலை. படம் பிடிக்கிறவன்கூட அந்தப் பக்கம் திரும்ப மாட்டான். ஆனால் பம்மோடு சேர்த்து ஆறு பேர் இல்லாமல் அந்த ஒழுங்கையில் ஒரு துளித் தண்ணீர் நெருப்பில் விழாது.

முதல் எட்டு வருஷத்தில் பதினேழு நெருப்பை அணைத்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லும் மோதினார் ‘தொண்டர்கள்’ என்று வாயெடுக்கும்போதே பாதிப்பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆதம்பாவாவுக்கு அந்த நாட்களில் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியாது.

பிறகு குறூப் கரைய ஆரம்பித்தது. சண்டையால் அல்ல, சலிப்பாலும் அல்ல. எல்லாம் கலியாணத்தால். முனை பிடிப்பதில் ஸாஜித்தை மிஞ்ச ஆளில்லை, அவன் அக்கரைப்பற்றுக்கு மாப்பிள்ளையாகப் போனான். முதல் திருப்பத்துக்காரன் நிந்தவூர் போனான். இரண்டாம் திருப்பத்துக்காரன் ஒலுவில். இன்னும் சிலர் கத்தார் போய், திரும்பி வந்து, சம்மாந்துறையில் குடியேறினார்கள். ஒவ்வொரு கலியாணத்திலும் ஆதம்பாவா சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார், மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார், வீட்டுக்கு வந்து ஒரு மஞ்சள் தொப்பியைத் துடைத்து ஆணியில் மாட்டினார். சுவரில் தொப்பி கூடக்கூட ஒழுங்கையில் ஆள் குறைந்தது.

புதிதாகச் சேர்க்கலாம் என்று பார்த்தால், பள்ளிக்கூடம் போகிறவனுக்கு டியூஷன். டியூஷன் முடிந்தவனுக்குக் கெம்பஸ். அவனுடைய உம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அண்ணன் முறை வைத்து, “அவன் படிக்கிற புள்ள காக்கா, நெருப்புக்குள்ள எல்லாம் விடேலா” என்பாள். அவளையும் குறை சொல்ல முடியாது. தன் பிள்ளையை நெருப்புக்கு அனுப்ப எந்த உம்மா ஆசைப்படுவாள். அடுத்த வீட்டுப் பிள்ளை போய் அணைக்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும்.

இங்கேதான் ஆதம்பாவா விட்ட பிழை இருக்கிறது. ஒழுங்கையிலிருந்து எத்தனை ஆண்கள் மாப்பிள்ளையாகப் போனார்களோ, கிட்டத்தட்ட அத்தனை ஆண்கள் மாப்பிள்ளையாக வந்தும் இருந்தார்கள். திடகாத்திரமானவர்கள், முப்பது முப்பத்தைந்து வயதுக்காரர்கள். மாலையானால் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு தத்தம் கேற்றில் நிற்பார்கள். அவர்களில் ஒருவரைக்கூட ஆதம்பாவா கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றவே இல்லை என்பதல்ல. முன்பொரு முறை, ஆள் குறைய ஆரம்பித்த புதிதில், பக்கத்து வளவு நாச்சியா வீட்டு மருமகனை முனை பிடிக்கக் கூப்பிட்டார். அந்த மனிதருக்குப் புறங்கை கொஞ்சம் வெந்துவிட்டது. மறுநாள் நாச்சியா பின்வளவு வேலிக்கு வந்து, “நாங்க மாப்பிள்ளை எடுத்தது உங்கட நெருப்புக்குள்ள தள்ளுறதுக்கா காக்கா? அவர்ர உம்மாக்கு நான் என்ன முகத்தக் காட்டுற?” என்று கேட்டாள். அவள் கேட்டது ஒழுங்கை முழுக்கக் கேட்டது. வந்த வீட்டு மாப்பிள்ளையை வேலை வாங்கினான் என்ற பெயர் இந்தப் பக்கத்தில் லேசான பெயர் இல்லை. அன்றோடு ஆதம்பாவா வாயை மூடிக்கொண்டார். ஒழுங்கையில் பிறந்த பொடியன்மாரைத்தான் கேட்பது, மாப்பிள்ளைமாரைத் தொல்லைப்படுத்துவதில்லை என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். அவரே அப்படி வந்தவர்தான் என்பது எப்படியோ அவருக்கு மறந்துபோயிருந்தது. சுனாமி அன்று ஆளோடு ஆளாக நின்று இறந்தவர்களின் மையித்துகளைத் தூக்கியபோது அவரை எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை, அதனால் மறந்திருக்கலாம்.

அவருடைய சொந்த மருமகனின் பெயர் றுமைஸ். நற்பிட்டிமுனைக்காரர், வயல்காரர். ஆதம்பாவாவின் ஒரே மகள் றிஸ்லாவைக் கட்டி ஆறு வருஷம். இரண்டாம் திருப்பத்தில் இருக்கும் அந்த வீட்டின் முன்பக்கம் றுமைஸ், பின்பக்கம் ஆதம்பாவா. மாமாவும் மருமகனும் ஒரு நாளைக்கு நாலு சொல் பேசினால் அதிகம். மரியாதை அப்படி. ஆதம்பாவாவின் மனைவி சல்மா உம்மா மீன் பொரித்தால் நடுத்துண்டு முன்வீட்டுக்குப் போகும், வால்துண்டு ஆதம்பாவாவுக்கு வரும். அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. மருமகன் முன்னால் வந்தால் அவர் எழுந்துவிடுவார், அவர் எழுந்தால் மருமகன் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆதம்பாவா பம்மைப் பள்ளிவாசல் முற்றத்தில் இழுத்து வைத்து ஓடவிட்டுப் பார்ப்பார். றுமைஸ் மதிலோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். போன வருஷம் ஒரு நாள் அவர் மெல்லக் கிட்ட வந்தார்.

“மாமா, உறிஞ்சு குழாயில காத்து இழுக்குது போல. சத்தம் மாறுது. நான் ஒருக்காப் பார்க்கட்டா?”

சரியாகத்தான் சொன்னார். வயலில் போகத்துக்குப் போகம் பம் வைத்து, குழாய் இழுத்து, வாய்க்காலில் நின்று பழகியவர். ஆதம்பாவாவுக்கு அதைக் கேட்டபோது உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியே வந்த வார்த்தை வேறு.

“அது ஒண்டுமில்ல மகன். நீங்க நில்லுங்க, சட்டை ஊத்தையாகும்.”

றுமைஸ் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு அவர் பம் பக்கம் வந்ததில்லை. ஆதம்பாவா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

இந்த வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு பள்ளிவாசல் தலைவர் மீராமுகைதீன் ஹாஜியார் ஆதம்பாவாவைக் கூப்பிட்டு அனுப்பினார். ஓய்வுபெற்ற அதிபர், பேச்சில் இன்னும் வகுப்பறை போகவில்லை.

“ஆதம்பாவா, கோவிக்கக் கூடாது. குறூப்பில இப்ப எத்தினை பேர்?”

“மூணு பேர் ஹாஜியார்.”

“ஆரார்?”

“நான், முகம்மது தம்பி, நளீம் மாஸ்டர்.”

முகம்மது தம்பிக்கு அறுபத்துநான்கு வயது, முழங்கால் தேய்ந்துபோனவர். நளீம் மாஸ்டருக்குச் சீனி வருத்தம். அது ஹாஜியாருக்கும் தெரியும்.

“ஆள் வரும் ஹாஜியார். பொடியன்மார் வளந்து வருவானுகள்.”

“வளந்து அக்கரைப்பத்துக்கு மாப்பிள்ளையாப் போவானுகள். வயல் கொமிட்டிக்காரங்க பம்மக் கேக்கிறாங்க. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி பத்துப் பேர்ர பேர் எழுதிக் கொண்டாங்க. இல்லாட்டி நாம அதக் குடுத்திருவம்.”

ஆதம்பாவா ஒரு மாதம் அலைந்தார். கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வீடு வீடாகப் போனார். போன எல்லா வீட்டிலும் மகன்மாரைக் கேட்டார். தேத்தண்ணி கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. சில வீடுகளில் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தது அந்த வீட்டு மாப்பிள்ளைதான். அவர் அந்த மாப்பிள்ளையிடம், “வீட்டில தம்பிமார் ஆரும் இல்லையா மகன்?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தார். இதை இப்போது சொல்லும்போது எரிச்சலாக இருக்கிறது. அப்போது அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

மே மாதம் நடுப்பகுதியில் கச்சான் காற்று எழும்பியது. தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி அடிக்கும் காய்ந்த சூட்டுக்காற்று. ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ளுஹர் தொழுது சாப்பிட்டுவிட்டு ஆதம்பாவா பின்வளவில் சாய்ந்திருந்தார். ஒலிபெருக்கி இரைந்தது.

“மூண்டாம் திருப்பத்துக்கு அங்கால நபீஸா உம்மாட வீட்டில நெருப்பு. தொண்டர்கள் உடனே வரவும். தொண்டர்கள் உடனே வரவும்.”

நபீஸா உம்மா கணவனை இழந்தவள். மூன்று தறி வைத்து, கூலிக்குப் பெண்களை அமர்த்தி, சாரமும் சேலையும் நெய்து ஒரே மகள் அஸ்மியாவை வளர்த்தவள். தறிக் கொட்டிலுக்குப் பின்னால் மகளுக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாகக் கட்டினாள். ஒரு வருஷம் அத்திவாரம், ஒரு வருஷம் சுவர், ஒரு வருஷம் ஒன்றுமில்லை. கடைசியாக இந்த வருஷம் கூரை போட்டு, பலகை அடித்து, அலுமாரியும் கட்டிலும் இறக்கியாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் கலியாணம். இந்தப் பக்கத்தில் வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை. பேச்சுக்கு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், நடப்பு அதுதான். அன்று சாய அடுப்பிலிருந்து ஒரு பொறி நூல்கட்டின் மேல் விழுந்து, காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

முகம்மது தம்பி நொண்டிக்கொண்டே பள்ளிவாசலுக்குப் போய்ப் பம்மில் நின்றார். யாரோ நகரத்து வண்டிக்குப் போன் பண்ணினார்கள். ஆதம்பாவாவும் நளீம் மாஸ்டரும் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். முதல் திருப்பத்தில் நாலைந்து பேர் நின்றார்கள், எல்லாம் மாப்பிள்ளைமார். குழாய்க்கு இடம்விட்டு மதிலோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் தன் மோட்டார்சைக்கிளை வளவுக்குள் தள்ளி வழி விட்டார். கால் படக் கூடாதென்று இன்னொருவர் செருப்பைப் பின்னுக்கு இழுத்தார். அவ்வளவு கவனம், அவ்வளவு மரியாதை.

இரண்டாம் திருப்பத்தில் றுமைஸ் கேற்றைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அப்போதுதான் குளித்திருந்தார்.

“மாமா, நான் இதில நிக்கட்டா?”

கேட்டதே அதிகம். ஆறு வருஷத்தில் அவர் தானாகக் கேட்டது அது இரண்டாம் முறை. ஆதம்பாவாவுக்குப் பதில் யோசிக்க நேரம் இருக்கவில்லை. யோசிக்காதபோது வாய்க்குப் பழகினதுதானே வரும்.

“வேணாம் மகன், நீங்க உள்ளுக்குப் போங்க. புகை வருது. புள்ளையளப் பாருங்க.”

அதை எல்லோரும் கேட்டார்கள். மூன்றாம் திருப்பத்தில் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்த ஒருவர் மடித்ததை அப்படியே விட்டார். ஆதம்பாவாவே தன் மருமகனை வேண்டாம் என்று உள்ளே அனுப்பிய பிறகு மற்ற வீட்டு மாப்பிள்ளை எந்த முகத்தோடு குழாயில் கை வைப்பார். முந்திரிக்கொட்டை மாதிரி முந்தினார் என்று நாளைக்கு மாமி வீட்டில் பேச்சு வரும்.

தண்ணீர் வந்தது. நல்ல விசையோடு வந்தது. தறிக் கொட்டிலின் முகட்டில் விழுந்தபோது நெருப்பு ஒரு தரம் பதுங்கியது. அந்த விசை அப்படியே இன்னும் பத்து நிமிஷம் நின்றிருந்தால் கொட்டிலோடு போயிருக்கும், வீடு தப்பியிருக்கும். இதை நான் சொல்லவில்லை, பிறகு வந்து பார்த்த வண்டிக்காரர்களே சொன்னார்கள். இரண்டு நிமிஷத்தில் ஆதம்பாவாவின் கையில் குழாய் தொய்ந்தது. இரண்டாம் திருப்பத்தில் கேற்றுத் தூணோடு மடிந்திருந்தது. நளீம் மாஸ்டர் ஓடிப்போய் அதை நிமிர்த்தினார். தண்ணீர் வந்தது. உடனே முதல் திருப்பத்தில் மடிந்தது. அங்கே ஓடினார். அங்கே நிமிர்த்தினால் மூன்றாம் திருப்பம். ஐம்பது வயதுச் சீனி வருத்தக்காரர், மூன்று திருப்பத்துக்கு ஒரு மனிதர். நாலாம் ஓட்டத்தில் அவர் தலை சுற்றி ஒரு வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஆதம்பாவா “தண்ணி, தண்ணி” என்று கத்தினார். சத்தத்தைக் கடத்த ஆளில்லை. முகம்மது தம்பி பம்மில் நின்றுகொண்டு, எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

கச்சான் நெருப்பைக் கொட்டிலிலிருந்து வீட்டுக் கூரைக்குக் கொண்டுபோனது. ஆதம்பாவா சொட்டுச் சொட்டாக ஒழுகும் முனையைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நகரத்து வண்டி ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது, வண்டிக்காரர்கள் தங்கள் குழாயை இழுத்து, ஆளுக்கு ஆள் திருப்பத்தில் நின்று, மிச்சத்தை அணைத்தார்கள். உயிருக்குச் சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ். தறி மூன்றும் போயிற்று. ஒன்பது வருஷத்து வீட்டில் சுவர் மட்டும் நின்றது.

நபீஸா உம்மா அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கலியாண வீட்டார் வந்து பார்த்தார்கள், கவலைப்பட்டார்கள், “வீடு முடியட்டும், மறுகா பார்ப்பம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுகா என்றால் எப்போது என்று அவர்களும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

நாலு நாள் ஆதம்பாவா கடை திறக்கவில்லை. ஐந்தாம் நாள் றிஸ்லா பின்வளவுக்கு வந்து வாப்பாவின் முன்னால் உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்தே மனதில் பட்டதை நேரே சொல்லிவிடும் பெண்.

“வாப்பா, நான் ஒண்டு செல்றன். அண்டைக்கு அவர் உள்ளுக்கு வந்து சுவரில சாஞ்சுக்கிட்டு நிண்டார். குழாய் மடியிறது அவருக்குச் சத்தத்திலயே தெரியிது. ‘மடிஞ்சுட்டு, மடிஞ்சுட்டு’ எண்டு செல்றார். போங்களன் எண்டு நான் செல்றன். ‘மாமா வேணாம் எண்டுட்டார்’ எண்டார்.”

ஆதம்பாவா நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

“குறூப்பில சேரட்டா எண்டு எத்தினை தரம் என்னட்டக் கேட்டிருக்கார் தெரியுமா? வாப்பா கூப்பிடுவாங்க, பொறுங்க எண்டு நான்தான் செல்லி வச்சன். அண்டு ராவு சாப்பிடாம இருந்து என்ன சென்னார் தெரியுமா? ‘ஆறு வருஷமா இந்த ஊட்டுச் சோறு திங்கிறன் றிஸ்லா, உங்கட வாப்பாக்கு நான் இன்னும் விருந்தாளி’ எண்டார்.”

அந்தச் சொல் ஆதம்பாவாவைச் சுட்டது. நடுத்துண்டு மீனும், எழுந்து நிற்பதும், மகன் மகன் என்பதும் எல்லாம் அவர் அன்பென்று நினைத்துக் கொடுத்தவை. கொடுத்ததெல்லாம் வாசலில் வைத்துக் கொடுத்ததாக அந்த மனிதருக்குப் பட்டிருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, எரிந்துபோன வீட்டை நினைக்க நெஞ்சு வலித்தது.

அன்று மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு அவர் முன்வாசலால் போனார். றிஸ்லாவின் கலியாணத்துக்குப் பிறகு முன்வாசலால் போய் அந்த வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம். றுமைஸ் எழுந்தார்.

“இரிங்க மகன். நானும் இரிக்கன்.” கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டார். “நான் உங்களக் கேட்டிருக்கணும். கேக்கல்ல. அண்டைக்கு நீங்களாக் கேட்டும் நான் விடல்ல. பிழை என்டதான்.”

“அப்பிடியில்ல மாமா.”

“அப்பிடித்தான். குறூப்புக்கு வாறீங்களா?”

“ஓம் மாமா,” என்றார் றுமைஸ். ஒரு மறுப்பு இல்லை, ஒரு யோசனை இல்லை. “நான் மட்டுமில்ல. மத்த மாப்பிள்ளைமாரும் வருவாங்க. நாங்க எங்களுக்குள்ள கதைக்கிறதான். கூப்பிடுறாங்க இல்லையே எண்டு.”

இரண்டு நாளில் பத்துப் பெயர் சேர்ந்தது. ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கிய மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சந்தோஷப்பட வேண்டிய காரியம், அவரால் சந்தோஷப்பட முடியவில்லை. இவ்வளவு லேசாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் என்பதே மனதில் ஓடியது. தாளைக் கொண்டுபோய் மீராமுகைதீன் ஹாஜியாரிடம் கொடுத்தார். ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

“இதில ஒருத்தரும் நம்மட ஊர் ஆக்கள் இல்லையே ஆதம்பாவா. எல்லாம் வந்த மாப்பிள்ளைமார்.”

“நீங்க எந்த ஊர் ஹாஜியார்?”

ஹாஜியார் இறக்காமத்திலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர், நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால். கண்ணாடியைக் கழற்றினார், சிரிக்கவா வேண்டாமா என்று பார்த்தார், கடைசியில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பம் பள்ளிவாசலிலேயே இருக்கட்டும் என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு முதல் பயிற்சி. முகம்மது தம்பி பம்மில். நளீம் மாஸ்டர் கதிரை போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் கட்டளை இட்டுக்கொண்டிருந்தார். திருப்பத்துக்கு ஆள், முனைக்கு ஆள், மிஞ்சியும் ஆள். நாச்சியாவின் மருமகன்கூட வந்திருந்தார். அவரை மாமி ஒன்றும் சொல்லவில்லை. றுமைஸ் இரண்டாம் திருப்பத்தில் நின்றுகொண்டு குரல் கொடுத்தார். முனையிலிருந்து வந்த சத்தம் மூன்று திருப்பத்தையும் தாண்டி ஒரு மூச்சில் பம்முக்குப் போய்ச் சேர்ந்தது. குழாய் எங்கும் மடியவில்லை. தண்ணீர் நபீஸா உம்மாவின் கரிந்த சுவரில் போய் விழுந்து, கரியைக் கழுவிக்கொண்டு இறங்கியது.

நபீஸா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய், தகரம் அடித்து ஒப்பேற்றிய குசினியில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். பயிற்சி முடிந்து எல்லோரும் அவள் வாசலில் கூடியபோது, யாரும் கேட்காமல் அவளாகவே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்தாள். கோப்பை போதுமா என்று பார்ப்பதற்காக ஆட்களை ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணினாள். ஆதம்பாவா தட்டத்தை வாங்கப் போனார்.

“பதிமூணு பேர்,” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். “இவங்கள்ளாம் அண்டைக்கும் இந்த ஒழுங்கைக்குள்ளதானே காக்கா இருந்தாங்க?”

ஆதம்பாவா தட்டத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “ஓம் தங்கச்சி,” என்றார்.